யூகான் டெல்டா தூந்திரப் புகலிடம்: நீர்ப்பறவை பார்க்கச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

யூகான் டெல்டா தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குப் போவது பற்றி என்னிடம் விசாரிப்பவர்களில் பலர், விமான டிக்கெட் வாங்கிய பிறகுதான் விசாரிக்கிறார்கள். பயணம் கோணலாகத் தொடங்குவது அங்கேதான். அலாஸ்காவின் மேற்கில், யூகான், கஸ்கோக்விம் என்ற இரு பேராறுகள் பெரிங் கடலில் கலக்கும் தாழ்ந்த தூந்திரச் சமவெளி, அதாவது மரம் இல்லாத குளிர்நிலம், இது. பரப்பு ஏறத்தாழ 77,000 சதுர கிலோமீட்டர். வெளியிலிருந்து உள்ளே செல்லும் சாலை கிடையாது. நடைபாதையோ முகாம்தளமோ அமைத்து வைத்திருக்கவில்லை.

எந்தப் பறவை, எந்த வாரம், எந்த நீர்க்கரை என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் டிக்கெட் நான்காவது படியில்தான் வருகிறது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பறவையையும் மாதத்தையும் முடிவு செய்தல்

"ஜூன், ஜூலையில் எப்போது வேண்டுமானாலும்" என்ற திட்டம் இங்கே பயன்படாது. இரண்டு வாரம் தள்ளிப் போனால் பார்க்கும் காட்சியே வேறு.

மே மாதத்தின் முதல் பாதியில் வழக்கமாக கஸ்கோக்விம் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து நகரும். ஏரிகள் திறக்க இன்னும் நாளாகும். அன்னங்களும் வாத்துகளும் கொக்குகளும் அதற்கு முன்பே வந்துவிடும், ஆனால் மிதவை விமானம் இறங்கத் திறந்த நீர் இருக்காது. மே நடுவில் வருபவர், புகலிடத் தலைமையகம் உள்ள பெத்தல் ஊருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட நேரிடும்.

மே இறுதி முதல் ஜூன் நடு வரை கூடுகட்டும் காலம். உலகின் எம்பரர் வாத்துகளில் பெரும்பங்கு இந்தக் கரையோரத் தூந்திரத்தில்தான் முட்டையிடுகிறது. பிளாக் பிராண்ட், கேக்ளிங் வாத்து, வெண்நெற்றி வாத்து, தூந்திர அன்னம், லூன் என்ற முக்குளிக்கும் நீர்ப்பறவை எல்லாமும் அப்போது கூட்டில் இருக்கும். ஸ்பெக்டக்கிள்டு ஈடர் என்ற கடல்வாத்தின் ஆணைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் பாதிக்குள் போய்விடுங்கள். பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும் ஆண்கள் கடலுக்குக் கிளம்பிவிடும். ஜூலையில் போய் ஆண் ஈடரைத் தேடி அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அப்போது அங்கே இருப்பது பெட்டையும் குஞ்சும் மட்டுமே.

ஜூன் இறுதியும் ஜூலையும் குஞ்சுகளின் காலம், கொசுக்களின் காலமும் அதுவே. வளர்ந்த வாத்துகள் அப்போது சிறகு உதிர்த்துச் சில வாரங்கள் பறக்க முடியாமல் இருக்கும். அந்த நிலையில் படகோ விமானமோ துரத்தினால் அவற்றால் ஓடத்தான் முடியும்.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கடற்கரைச் சேற்றுப் பரப்புகள் கரைப்பறவைகளால் நிறையும். பட்டைவால் மூக்கன் இங்கே கொழுப்பேற்றிக்கொண்டு நியூசிலாந்து வரை இடைநில்லாமல் பறக்கிறது. 2022இல் அலாஸ்காவில் கருவி பொருத்தப்பட்ட ஒரு இளம் மூக்கன் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது ஆகஸ்ட் இரண்டாம் பாதி. கொசு குறைந்திருக்கும், கூடுகள் காலியாகியிருக்கும், உங்களால் முட்டை அழியும் ஆபத்து இருக்காது. இனப்பெருக்க கால வண்ணங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஜூன் தொடக்கத்தில் போங்கள். ஆனால் கரையோரக் கூட்டுத்திரளை விட்டுவிட்டு, பெத்தல் ஊரைச் சுற்றியுள்ள ஏரித் தூந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். லூன், அன்னம், ஆலா, நீள்வால் ஜேகர், மூக்கன் வகைகள் அங்கேயும் உண்டு.

2. நிலம் யாருடையது என்று பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். புகலிடத்தின் எல்லைக்குள் பூர்வகுடிகளான யூபிக் மக்களின் பல கிராமங்கள் இருக்கின்றன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமங்களைச் சுற்றியுள்ள பெரும் நிலப்பரப்பு அந்தந்தக் கிராமக் கழகங்களின் சொந்த நிலம். புகலிட வரைபடத்தில் ஒரே நிறத்தில் தெரிவதால் எல்லாம் அரசு நிலம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நல்ல பறவைக் கரைகள் பலவும், ஆற்று முகங்களும், படகு ஒதுங்கும் மேடுகளும் இப்படிப்பட்ட நிலத்தில் இருக்கின்றன. அங்கே கூடாரம் போட முன் அனுமதி வேண்டும். சில இடங்களில் கட்டணமும் உண்டு. அரசு நிலத்துக்குத் தனிப் பயணியிடம் நுழைவுக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கேட்பதில்லை. எந்தத் துண்டு யாருடையது என்பதைப் பெத்தலில் உள்ள புகலிடத் தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். "ஜூன் முதல் வாரம், இந்த ஏரியின் வடகரை, நான்கு இரவுகள்" என்று குறிப்பாக எழுதினால் பயனுள்ள பதில் வரும். "உங்கள் புகலிடத்தைப் பார்க்க ஆசை" என்று எழுதினால் துண்டறிக்கைதான் வரும்.

அதே கடிதத்தில் கேட்க வேண்டிய இன்னொன்று: அந்தப் பகுதியில் ஆய்வு முகாம் ஏதும் இருக்கிறதா? பிராண்ட், ஈடர் கூட்டுத்தளங்களில் ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்கள் குறுக்கே நடந்தால் அந்த வருடக் கணக்கு கெடும்.

3. பைலட்டைப் பிடித்தல்

இடம் தெரிந்த பிறகு, அங்கே இறங்கும் விமானம். புகலிடத்தில் பயணிகளை இறக்கிவிடும் வாடகை விமான நிறுவனங்கள் அதற்கென்று அரசு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் தலைமையகத்தில் கிடைக்கும்.

பைலட்டிடம் பேசும்போது முதலில் உங்கள் உடல் எடையை உண்மையாகச் சொல்லுங்கள். பிறகு சாமான் எடை. சிறு மிதவை விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. பத்து கிலோ குறைத்துச் சொன்னவரின் சாமான் கரையிலேயே தங்கிவிடும். கெட்டியான பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பைகளே உள்ளே பொருந்தும்.

இறங்கும் ஏரிக்கு மாற்றாக இரண்டாவது ஏரி ஒன்றையும் பேசி வையுங்கள். மூடுபனியோ காற்றோ முதல் இடத்தை அடைத்துவிட்டால், அங்கேயே நின்று யோசிக்க நேரம் இருக்காது. பறவைகளுக்காக ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: தரையிலிருந்து 2,000 அடிக்கு மேல் பறந்து, இறங்கும் இடத்தில் மட்டும் தாழட்டும். தாழப் பறந்து படம் எடுத்துத் தரும்படி பைலட்டைக் கேட்காதீர்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளைக் கூட்டிலிருந்து எழுப்ப அந்த ஒரு சுற்றே போதும்.

4. விசா, டிக்கெட், காப்பீடு

இப்போதுதான் டிக்கெட். இந்தியா, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் அமெரிக்கச் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். நேர்காணலுக்கே பல மாதங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், பறவை மாதத்தை முடிவு செய்த அன்றே அதற்கு மட்டும் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆங்கரேஜ் நகரிலிருந்து மேற்கே சுமார் 640 கிலோமீட்டரில் பெத்தல். ஜெட் விமானம் தினமும் போகிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு அதுவே வழி. பெத்தலில் இறங்கும் நாளுக்கும் தூந்திரத்துக்குப் பறக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது விடுங்கள். திரும்பும்போது மூன்று நாள். வானிலை காரணமாகச் சிறு விமானங்கள் நிற்பது அங்கே அன்றாட நிகழ்வு. பன்னாட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர் பைலட்டை நெருக்குவார். அந்த நெருக்கடி யாருக்கும் நல்லதல்ல.

காப்பீட்டில் விமான மூலம் நோயாளியை மீட்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெத்தலில் மருத்துவமனை உண்டு. கடுமையான நிலையில் அங்கிருந்து ஆங்கரேஜுக்கு விமானத்தில்தான் கொண்டுபோவார்கள்.

5. சாமான்: எது, ஏன்

*காலணி.* முழங்காலைத் தாண்டும் ரப்பர் பூட்ஸ். மலையேற்றக் காலணியோடு வருபவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே நனைந்துவிடுகிறார், அது பிறகு காய்வதே இல்லை. தூந்திரம் தூரத்தில் புல்வெளியாகத் தெரியும். காலை வைத்தால் ஆடும் புல்முடிச்சும் இடையிடையே நீருமாக இருக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே நல்ல வேகம்.

*உடை.* பருத்தியை விடுங்கள். ஈரம் பட்டால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே காற்றும் மழையும் புகாத சட்டை, கால்சட்டை. ஜூன் மாதத்திலும் இரவு 5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கடல் காற்று சேர்ந்தால் இன்னும் குளிரும்.

*கொசு.* தலைவலை கட்டாயம். பூச்சி விரட்டி மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால், அதைத் தடவிய விரலால் பைனாகுலரைத் தொடாதீர்கள். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அது கரைக்கும்.

*கூடாரம்.* மரம் இல்லாத நிலத்தில் காற்றுக்குத் தடுப்பு கிடையாது. தாழ்ந்த, வலுவான கூடாரமே நிற்கும். மேல்மண் பஞ்சு மாதிரி நெகிழ்ந்திருப்பதால் குட்டை முளைகள் பிடுங்கிக்கொள்ளும், நீளமானவை எடுங்கள்.

*எரிபொருளும் கரடி விரட்டும் ஸ்பிரேயும்.* இரண்டையும் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பையிலும் முடியாது. பெத்தல் கடைகளில் இருப்பு உண்டா என்று கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேளுங்கள். உங்கள் அடுப்புக்குப் பொருந்தும் எரிவாயுக் குப்பி கிடைக்காமல் போகலாம் என்பதால், பலவகைத் திரவ எரிபொருளில் எரியும் அடுப்பையே நான் பரிந்துரைப்பேன். சிறு விமானத்தில் ஏறும்போது இரண்டும் பையில் இருப்பதைப் பைலட்டிடம் சொல்லிவிடுங்கள். அவர் வைக்கச் சொல்லும் இடத்தில் வையுங்கள்.

*தொடர்பு.* கைப்பேசியை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி ஒன்றும், குழுவாகப் போனால் இரண்டும் வேண்டும். ஆங்கரேஜிலேயே ஒரு செய்தி அனுப்பிச் சோதித்துவிடுங்கள்.

*தொலைநோக்கி.* முக்காலியோடு கூடிய ஸ்பாட்டிங் ஸ்கோப்பை எடைக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். எடை குறைக்க வேண்டுமானால் கேமரா லென்ஸைக் குறையுங்கள். ஸ்கோப் இருந்தால் தூரத்தில் நிற்பீர்கள். பெரிய லென்ஸ் மட்டும் இருந்தால் நெருங்கத் தோன்றும்.

ட்ரோனை வீட்டில் விட்டு வாருங்கள். சிறப்பு அனுமதி இல்லாமல் புகலிட நிலத்திலிருந்து அதைப் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம்.

6. உணவும் நீரும்

பெத்தலில் எல்லாப் பொருளும் தொலைவிலிருந்து வருவதால் விலை அதிகம். உலர்ந்த உணவை ஆங்கரேஜில் வாங்குங்கள். திட்டமிட்ட நாட்களோடு குறைந்தது நான்கு நாள் உணவு கூடுதலாக வேண்டும்.

தண்ணீர் எங்கும் தெரிவதால் இதை யாரும் யோசிப்பதில்லை. கடலோரத்து நீர் உவர்ப்பு. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. ஆற்று நீரில் வண்டல் மிகுதி, வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஒரு மடக்கு வாளியில் இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டி, கொதிக்க வையுங்கள். உவர்நிலத்துக்குப் போவதானால் நன்னீரைச் சுமந்தே போக வேண்டும். அதையும் பைலட்டின் எடைக்கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

மதுபானம் எதையும் எடுத்து வராதீர்கள். இப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம்.

7. பெத்தலில் முதல் நாள்

முதலில் புகலிட அலுவலகம். இந்த வாரம் நீர்மட்டம் எப்படி, கரடி நடமாட்டம் எங்கே, நரிகளில் வெறிநோய் தென்பட்டதா என்று கேளுங்கள். மேற்கு அலாஸ்கா நரிகளிடையே வெறிநோய் நிலையாக இருந்துவருகிறது. பயப்படாமல் அருகில் வரும் நரியை அழகு என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து விலகுங்கள். இறந்த பறவையையும் தொட வேண்டாம், பறவைக்காய்ச்சல் இருக்கலாம்.

பிறகு எரிபொருள், ஸ்பிரே. அதன் பின் பைலட்டோடு வரைபடத்தை விரித்து இடத்தைக் காட்டுங்கள். ஆயிரக்கணக்கான ஏரிகள் ஒன்றுபோலவே இருக்கும் நிலத்தில் வாய்ச்சொல் போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிக் கொடுங்கள். ஊரிலுள்ள ஒருவரிடமும் அதே எண்களையும் திரும்பும் தேதியையும் கொடுத்துவிடுங்கள்.

மாலையில் ஊர்ப் பூங்காவின் மரப்பாதையில் தூந்திரத்தின் மேல் நடந்து பாருங்கள். குரல்களைப் பழகிக்கொள்ள அது நல்ல இடம்.

8. விமானம் கிளம்பும் முன்

ஏரியில் இறங்கியதும் எல்லோரும் கேமராவை எடுக்கிறார்கள். பைலட் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் வேறு வேலைகள் இருக்கின்றன.

சாமானை எண்ணுங்கள். கூடாரம், அடுப்பு, எரிபொருள், உணவு, செய்திக் கருவி ஆகிய ஐந்தும் கரையில் இருக்கின்றனவா? செய்திக் கருவிக்கு வானத் தொடர்பு கிடைக்கிறதா? திரும்ப ஏற்றும் நாள், நேரம், மாற்று இடம் மூன்றையும் பைலட் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். இறங்கிய இடத்தில் கூடு இருந்தால் உடனே சொல்லி வேறு கரைக்கு மாறுங்கள். விமானம் போன பிறகு சாமானோடு இடம் மாறுவது அரைநாள் வேலை, வழியில் எத்தனை கூடுகளை மிதிப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

கூடாரத்தை உயரமான, உலர்ந்த மேட்டில் போடுங்கள். ஆனால் வாத்துகளும் அதே மேட்டைத்தான் தேடுகின்றன. போடுவதற்கு முன் அந்த மேட்டைக் கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். வெளியே போகும் வாத்து, முட்டையைத் தன் மென்சிறகால் மூடிவிட்டுப் போயிருக்கும். சாம்பல் நிறப் பஞ்சுக் குவியலாகத் தெரிந்தால் அது கூடு.

சமைக்கும் இடத்தையும் உணவுப் பையையும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். கடலோரத்தில் கரடி அரிது, இல்லை என்று சொல்ல முடியாது. மரம் இல்லாததால் உணவைக் கட்டித் தொங்கவிட வழியில்லை. மூடி பூட்டும் கரடித்தடுப்புப் பெட்டி தேவை.

9. பார்ப்பது எப்படி

முழுப் பயணத்திலும் மிக முக்கியமான பகுதி இது. அதிகத் தவறும் இங்கேதான் நடக்கிறது.

வாத்தைக் கூட்டிலிருந்து எழுப்பினால் அது பறந்து போய்த் திரும்பி வந்துவிடும், நட்டமில்லை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரிய கடற்காகமும் ஜேகரும் உங்களையே கவனித்துக்கொண்டிருக்கின்றன. மனிதர் நடந்தால் கூடு வெறுமையாகும் என்று அவற்றுக்குத் தெரியும். நீங்கள் நூறு மீட்டர் நகர்வதற்குள் முட்டை போய்விடும். முட்டை மேல் அமர்ந்த எம்பரர் பெட்டை இரைக்காகக்கூட அரிதாகவே எழுகிறது. மூன்றரை வாரம் பட்டினியாக அது காத்ததை ஒரு புகைப்படத்துக்காக இழக்கச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே கூட்டுக்காலத்தில் நடந்து தேடாதீர்கள். ஒரு இடத்தில் உட்காருங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம். முதல் அரைமணியில் எல்லாம் அமைதியாகிவிட்டது போலிருக்கும். அதன் பிறகு லூன் கரையோரம் வரும், உள்ளான்கள் காலடி வரை மேயும், வாத்துகள் வழக்கமான வேலைக்குத் திரும்பும்.

விலக வேண்டிய அறிகுறிகளை மனத்தில் வையுங்கள். அடைகாக்கும் வாத்து கழுத்தை நீட்டித் தரையோடு படுத்தால், உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள். அடுத்த அடி எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். கரைப்பறவை சிறகு ஒடிந்தாற்போல் தத்தினால் குஞ்சு உங்கள் காலருகே இருக்கிறது. காலடியைப் பார்த்துப் பின்வாங்குங்கள். அன்னம் அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே கூட்டை விட்டு இறங்கிவிடும். அன்ன ஜோடி தெரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். அலாஸ்காவின் கடிகாரம் இங்கே சூரியனை விட வெகுவாக முந்தி ஓடுகிறது. ஜூன் மாதப் பெத்தலில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். மறைவது நள்ளிரவு கடந்து. நண்பகலிலும் பிற்பகலிலும் வெப்ப அலை ஆடி ஸ்கோப்பில் எதுவும் தெளியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் சாய்வெளிச்சத்தில் உட்காருங்கள், பகலில் தூங்குங்கள்.

10. ஓதமும் சேறும்

கடலோரத் தூந்திரம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. காற்று கடலிலிருந்து பலமாக அடித்தால் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வரும். 2022 செப்டம்பரில் மெர்போக் சூறாவளியின் எச்சம் இக்கரைக் கிராமங்களை மூழ்கடித்தது. 2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கிப்னுக், குவிகிலிங்கோக் கிராமங்களில் வீடுகளையே மிதக்கவிட்டது. இலையுதிர்காலத்தில் கடலோரத்தில் முகாம் போடுபவர் தினமும் வானிலை முன்னறிவிப்பை வாங்கியாக வேண்டும். மேற்கிலிருந்து புயல் என்றால் உடனே பைலட்டை அழையுங்கள். அடித்த பிறகு அவரால் வர முடியாது.

படகில் போனால் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, கையில் வைத்திருங்கள். நீர் இறங்கும்போது கால்வாய்க்குள் போனவர் சேற்றின் நடுவே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இறங்கித் தள்ள முயலாதீர்கள். அந்தச் சேறு பிடித்த காலை எளிதில் விடாது. நீர் திரும்பும் வரை படகிலேயே இருப்பதுதான் வழி.

11. கிராமத்தவர்களோடு

ஏப்ரல் 2 முதல் ஆகஸ்ட் 31 வரை, கூட்டுக்காலத்தில் அறிவிக்கப்படும் இடைவெளி நீங்கலாக, இங்குள்ள மக்கள் தங்கள் உணவுக்காக வாத்துகளை வேட்டையாடவும் முட்டை எடுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. பறவை பார்க்க வந்தவருக்கு அது அதிர்ச்சியாக இருக்கலாம். முகம் சுளிப்பதும் கேள்வி கேட்பதும் கூடாது. இந்தப் பறவைகளோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1980களில் வாத்து எண்ணிக்கை சரிந்தபோது வேட்டையைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர்களும் அவர்களே.

ஆளையோ, மீன் உலர்த்தும் பந்தலையோ, வேட்டைப் பொருளையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மீன்பிடி முகாம் ஆளில்லாமல் இருந்தாலும் அது ஒருவரது வீடு. உதவி பெற்றால் "குயானா" என்று யூபிக் மொழியில் நன்றி சொல்லுங்கள். பெரியவர்கள் ஒரு இடத்துக்குப் போகவேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. திரும்பும் நாள்

காலையில் எழுந்ததும் வானிலையைச் செய்திக் கருவியில் பைலட்டுக்கு எழுதுங்கள்: மேகத்தின் உயரம், காற்றின் திசை, எதிர்க்கரை தெரிகிறதா. பெத்தலிலிருந்து அவருக்கு இது தெரியாது.

சாமானைக் கட்டுங்கள். கூடாரமும் அடுப்பும் மட்டும் கட்டாமல் அப்படியே இருக்கட்டும். சொன்ன நேரம் தாண்டிவிட்டால் ஈரத்தில் நின்று காத்திருக்க வேண்டியிருக்காது. மறுநாளும் வராமல் போனால் கூடுதல் உணவைப் பாதிப் பங்காக உண்ணத் தொடங்குங்கள். நடந்து கிராமத்துக்குப் போய்விடலாம் என்ற யோசனையை மட்டும் எடுக்காதீர்கள். தேடி வருபவர் உங்களை இறக்கிய ஏரிக்குத்தான் வருவார்.

குப்பை முழுவதும் பையில் ஏறட்டும். விமானத்தின் இரைச்சல் காதில் விழுந்த பிறகு கூடாரத்தைப் பிரித்தாலும் நேரம் இருக்கும்.